240 வெள்ளி மைக்ராஸ்கோப்: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வாங்குங்கள்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '2000 மடங்கு' என்று போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை மறந்துவிட்டு வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்த எண்ணுக்காகவே வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்திக்காக இணையத்தில் வாங்கியது. 240 வெள்ளி. நிறுவனத்தின் பெயரைப் போடாததற்குக் காரணம் உண்டு: இதே உடம்பு, இதே திருகு, இதே பிளாஸ்டிக் உறை, நாலைந்து பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. அடையாளம் சொல்கிறேன். ஒற்றைக் கண் வைத்துப் பார்ப்பது, உலோக உடம்பு, அடியில் எல்இடி விளக்கு, 4, 10, 40, 100 என்று நான்கு ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடுக்கு மேலே நிற்கும் லென்ஸ்), 10, 20 என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), ஸ்லைடை அங்குமிங்கும் நகர்த்தத் திருகு வைத்த மேடை, கூடவே ஒரு பெட்டித் தயார் ஸ்லைடுகள். 100-ஐ 20-ஆல் பெருக்கினால் 2000. கணக்கு சரி, ஒளியியல்தான் தப்பு. எண்ணெய் விட்டுப் பார்க்கும் நல்ல 100 ஆப்ஜெக்டிவே ஏறத்தாழ 1250 மடங்கு வரைதான் புது விவரம் காட்டும். அதற்கு மேல் பெரிதாக்கினால் பெரிதாவது மங்கல் மட்டும்.

இதையெல்லாம் பேச இந்தக் கிழவிக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை ரத்தமும் மலமும் பார்த்தே காலம் தள்ளியவள் நான். வேலைக்குச் சேர்ந்தபோது சிங்கப்பூர் இன்னும் மலேரியா ஒழிந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. 1982 நவம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் அதில் நம் பெயரைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் மலேரியா ஸ்லைடு வருவது நிற்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள், கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகள், கப்பலில் வந்தவர்கள் என்று யாராவது ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். அதனால் கருவியை வெங்காயத் தோலை வைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பழைய ஆட்களான ஒருசெல் உயிரிகள், பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் சேராத புரோட்டிஸ்ட் கூட்டம், அவர்களை இது எவ்வளவு தூரம் காட்டும் என்பதே எனக்குக் கேள்வி.

முதல் ஆள் வீட்டிலேயே கிடைத்தான். மகனுடைய மீன்தொட்டியில் நியோன் டெட்ராவின் உடம்பெல்லாம் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளி. மீன் வளர்க்கிறவர்கள் 'இச்' என்பார்கள். இக்தியோப்திரியஸ் என்பது முழுப்பெயர். அப்போதுதான் செத்த மீன் ஒன்றின் தோலைக் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி வில்லையின் ஓரத்தால் மெல்ல வழித்து, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மேலே கவர் ஸ்லிப் மூடி, 4 ஆப்ஜெக்டிவில் வைத்தேன். சும்மா வைத்தவுடன் தெரிந்தது. கருமையான உருண்டை, சுற்றிலும் இழை அடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிதானமாக உருள்கிறது. 10-க்கு மாற்றினால் உள்ளே குதிரை லாட வடிவில் உட்கரு. அந்த லாடத்தைப் பார்த்துவிட்டால் வேறு எதுவோ என்ற சந்தேகமே வேண்டாம்.

"பாட்டி, இது உருளுது!"

"உருளட்டும்மா. நீ அந்தப் பெரிய திருகைத் தொடாதே, கண்ணாடி உடையும்."

இங்கேதான் கருவி தன் விலைக்கு வேலை செய்தது. அந்த உருண்டை மீனின் தோல் அடுக்குகளுக்கு இடையில் உட்கார்ந்து செல்லையும் சாற்றையும் தின்று பெருப்பது. செவுளில் கூட்டமாக ஏறினால் மீன் மூச்சு விட முடியாமல் சாகும். தின்று முடித்ததும் தோலைக் கிழித்து வெளியே வந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரோடு சில உருண்டைகளை விட்டு வைத்தோம். நம் ஊர் வெப்பத்துக்கு இதெல்லாம் வெகு வேகமாக நடக்கும். மறுநாள் காலையில் கூட்டுக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்து பிரிந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள் வரும். வெளியே வந்தவை 10 ஆப்ஜெக்டிவில் கண்ணுக்குப் பிடிபடாத ஓட்டம். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்துத் தோலுக்குள் நுழையாவிட்டால் அவை பிழைக்காது.

கடையில் விற்கும் நீல மருந்தும் உப்பும் கொல்வது இந்த நீந்தும் குட்டிகளைத்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எட்டாது. புள்ளி உதிர்ந்தது, மீன் தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிற அன்றைக்கு அடுத்த தலைமுறை தொட்டியடியில் தயாராகிக்கொண்டிருக்கும். எங்கள் புளோக்குக்கு எதிரே மீன் கடை வைத்திருக்கும் சீன அங்கிள் தன் வாழ்நாளில் மைக்ராஸ்கோப்பைத் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் மருந்தை விடாதே என்று மகனுக்குச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். அலங்கார மீன் ஏற்றுமதியில் உலகத்தில் முன்வரிசையில் நிற்கும் ஊர் இது. இந்த ஞானம் கடைக்காரர்கள் கையில் இருப்பதில் அதிசயம் இல்லை.

அடுத்தது செடி. சமூகத் தோட்டத்தில் நாங்கள் போட்ட மிளகாய் விதை நன்றாக முளைத்து, இரண்டு இலை விட்டதும் அடித்தண்டு நைந்து வரிசையாகச் சாய்ந்தது. நாற்றழுகல். 'பூஞ்சை பிடிச்சிருக்கு' என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். பார்க்க நூல்நூலாகப் பூஞ்சை மாதிரியே இருக்கும், இந்த நோயைத் தரும் பித்தியம் பூஞ்சையே கிடையாது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின், இதன் சுவரில் செல்லுலோஸ். உறவு பார்த்தால் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் பங்காளி. பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டிராலைக் குறிவைத்துச் செய்த மருந்துகளை இதன் மேல் கொட்டினால் பெரும்பாலும் காசுக்குத்தான் கேடு.

இந்தக் கூட்டத்தை வீட்டில் பார்க்க எளிய வழி எள். கொதிக்க வைத்த எள்ளை இரண்டாகப் பிளந்து, குளத்துத் தண்ணீரோ தோட்டத்து மண் கரைத்த தண்ணீரோ ஊற்றிய தட்டில் மிதக்கவிட்டு, மூடி வைக்க வேண்டும். (மூடியே வைக்க வேண்டும். திறந்த தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொசுவைத் தேடி வரும் சுற்றுப்புற வாரிய (என்இஏ) அதிகாரியிடம் அறிவியல் சோதனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.) சில நாளில் எள்ளைச் சுற்றி வெள்ளை நூல் படரும். நூல் ஒன்றைப் பிய்த்து 10 ஆப்ஜெக்டிவில் வைத்து, நுனியில் பருத்த பையாகப் பார்த்து ஃபோகஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் பை திறந்து உள்ளிருந்து நீந்தும் வித்துகள் வெளியே கொட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால். 40-இல் வாலே கூட மின்னலாகத் தெரியும், விளக்கைக் குறைத்து அடியில் உள்ள ஒளித் துளையை (டயஃப்ரம்) சுருக்கினால். பேத்தி அன்று இரவு சாப்பிட எழுந்து வரவில்லை. மருமகள் என்னைத்தான் திட்டினாள்.

அதைப் பார்த்த பிறகு மழைக்கும் செடி நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈரம் இருந்தால் வித்து நீந்தி வேரைத் தேடிப் போகும். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்து, தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் சாகக் காரணமான ஃபைட்டோப்தோரா இதே குலம். அதன் இன்னொரு இனமான பால்மிவோரா நமக்கு இன்னும் கிட்டத்து எதிரி. மலேசியத் தோட்டங்களில் டுரியான் மரத்தின் அடித்தண்டில் பட்டை வெடித்து, பழுப்பாக நீர் கசிந்து, மரமே பட்டுப்போவது இதனால். ஆர்க்கிட் செடியைக் கறுத்து அழுகச் செய்வதும் இதுதான். டுரியான் மரத் தண்டிலேயே ஊசி போட்டு பாஸ்போனேட் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். கேலாங் சாலையோரம் கிலோ இவ்வளவா என்று முகம் சுளிக்கும்போது இந்த ஊசிச் செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தும் பார்த்தோம். சுழன்று சுழன்று ஓடும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரி ஒன்றிரண்டு சிக்கின. இவர்கள் உடம்புக்குள் நுழைந்து நோய் தருகிறவர்கள் இல்லை. தண்ணீரில் அளவில்லாமல் பெருகி, சில இனங்கள் நஞ்சு விட்டு மீனின் செவுளைக் கெடுப்பவை. 2015 தொடக்கத்தில் அந்தப் பக்கத்து மிதவைப் பண்ணைகளில் பிளாங்டன் பெருக்கத்தால் டன் கணக்கில் மீன் செத்து மிதந்ததே, நினைவிருக்கிறதா. பாட்டில் தண்ணீரில் பார்ப்பது எந்த இனம் என்று சொல்ல இந்தக் கருவி போதாது.

இனி குறை. அதிகமும் தயார் ஸ்லைடுப் பெட்டியில்தான். கொசுவின் வாய், தேனீயின் கால், பைன் மரத் தண்டு எல்லாம் பரவாயில்லை. பாரமீசியம் ஸ்லைடில் சாயம் அப்பியிருக்கிறது. 'மலேரியா' என்று ஒட்டியிருந்த ஸ்லைடை வைத்துப் பார்த்தேன், நகர்த்தினேன், மறுபடி நகர்த்தினேன். அதில் மலேரியாவே இல்லை. சிவப்பணுவின் மேல், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஒன்று வந்து படிந்து உட்கார்ந்தால் புதுக் கண்ணுக்கு ஒட்டுண்ணி மாதிரித்தான் தெரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் முதலில் ஏமாற்றிப் பார்ப்பதே இதை வைத்துத்தான். தட்டணுவைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருக்கும், அதே ஃபோகஸில் நிற்காது, நீலச் சைட்டோபிளாசமும் சிவப்பு உட்கருப் புள்ளியும் தனித்தனியாகப் பிரியாது. விற்பவருக்கு எழுதினேன். 'நல்ல மதிப்பெண் தந்தால் இன்னொரு பெட்டி அனுப்புகிறோம்' என்று பதில் வந்தது. இன்னொரு பெட்டித் தட்டணுவை வைத்து நான் என்ன செய்வது?

மலேரியாவைப் பொறுத்தவரை அந்த ஸ்லைடு உண்மையாகவே இருந்திருந்தாலும் இந்தக் கருவி தடுமாறும். 100 ஆப்ஜெக்டிவ் பெயருக்கு எண்ணெய் ஆப்ஜெக்டிவ்தான், ஆனால் ஓரமெல்லாம் வளைந்து, நிறம் பிரிந்து தெரிகிறது. மலேரியாவின் கொடிய இனமான ஃபால்சிபாரத்தின் மோதிரம் போன்ற இளம் பருவம் சிவப்பணுவின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மருத்துவமனையில் ஒரு துளி ரத்தத்தைத் தடிமனாக வைத்து ஒரு ஸ்லைடு, இழுத்து மெலிதாக்கி ஒரு ஸ்லைடு போடுவோம். தடிமனானது ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட, மெலிதானது எந்த இனம் என்று முடிவு செய்ய. ஃபால்சிபாரம் என்றால் ஸ்லைடில் மோதிரமும் சில வேளை பிறை வடிவமும் மட்டும் தெரியும், நடுவில் உள்ள பருவங்களைப் பெரும்பாலும் காண முடியாது. எங்கே போயின? ஒட்டுண்ணி முதிர முதிர, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி, அந்த அணுவைச் சிறு ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவைத்துவிடும். மண்ணீரலின் வடிகட்டிக்குத் தப்ப அது செய்யும் உபாயம். ஒட்டியது மூளையின் குழாயில் என்றால் நோயாளி நினைவு தப்பிப்போவார். விரல் நுனி ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாகத் தெரிந்த ஒருவர் வார்டில் மோசமாகிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். மருத்துவர் தொலைபேசியில் 'கொஞ்சம்தானே இருக்கு?' என்று கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வைவாக்ஸ் என்ற மலேரியா இனம் வேறு வகை வில்லங்கம். ரத்தத்தைச் சுத்தமாக்கினாலும் கல்லீரலில் சில உறங்கிக் கிடக்கும், மாதங்கள் கழித்து எழுந்து வரும். அவற்றைக் கொல்லும் பிரைமாகுயின் மாத்திரையை ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைப் பார்ப்பது 1965-லிருந்து நடக்கிறது. உங்கள் பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் அந்த வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தக் குறைபாடு மலேரியா ஆண்ட நிலப்பகுதி மக்களிடம் அதிகமாக இருப்பதற்கும் காரணம் மலேரியாவேதான். அது உள்ளவர்கள் மலேரியாவில் ஓரளவு பிழைத்தார்கள்.

குரங்கு மலேரியாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைக்ராஸ்கோப்பின் எல்லை எது என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். 2004-இல் சரவாக்கின் கபிட் பகுதியில், மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'மலேரியே' இனம் என்று எழுதப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது நோலேசி, நீண்டவால் குரங்குகளில் வாழும் இனம் என்று தெரிந்தது. இரண்டும் பார்வைக்கு அப்படி ஒத்துப்போகும். ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், நோலேசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. தாமதம் செய்ய நேரமில்லாத நோய். 2007-இல் காட்டில் பயிற்சி செய்த ராணுவ வீரர் ஒருவருக்குச் சிங்கப்பூரிலேயே அது தொற்றியது. பிறகு பிடித்துச் சோதித்ததில் ராணுவப் பயிற்சிக் காட்டின் குரங்குகளிடம் ஒட்டுண்ணி இருந்தது, குடியிருப்புகளை ஒட்டித் திரியும் குரங்குகளிடம் இல்லை. அதனால் புக்கிட் தீமாவில் பையைப் பிடுங்கும் குரங்கைப் பார்த்து மலேரியா என்று அலற வேண்டாம். பையைக் காப்பாற்றுங்கள் போதும்.

ஸ்லைடுப் பெட்டியில் ஒன்று மட்டும் அருமை: டிரிப்பனோசோமா. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்குவது. சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் நெளிந்து, ஓரத்தில் அலையலையாகச் சவ்வோடு கிடக்கிறது. சாயம் நன்றாகப் போட்டிருக்கிறார்கள், 40-லேயே தெரியும். இது ரத்தத்தில் பகிரங்கமாக நீந்தியும் பிழைப்பது எப்படி என்றால், தன் மேல்கோட்டான புரதத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். உடம்பு ஒரு கோட்டை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள் தயார் செய்வதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறு கோட்டுக்கு மாறியிருக்கும். தடுப்பூசி செய்ய முடியாமல் தவிப்பதும் அதனால்தான்.

இதன் சொந்தக்காரன் ஒருவன் நம் சென்னை வரை வந்தவன். கருங்காய்ச்சல், காலா அசார். 1903-இல் வில்லியம் லீஷ்மன், இறந்துபோன ஒரு படைவீரரின் மண்ணீரலில் பார்த்த சிறு உருண்டைகளைச் சிதைந்த டிரிப்பனோசோமா என்று நினைத்தார். அதே ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதையே கண்டார், அது டிரிப்பனோசோமா இல்லை என்றார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்தார். கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் பேர்வழி அது. லீஷ்மன் பெயரில் உள்ள சாயத்தில்தான் நான் பாதி வாழ்நாள் கையை ஊதாவாக்கிக்கொண்டேன் என்பதால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் செல்லம்.

வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளில் ஒருவர் 'வீட்டிலேயே மலப் பரிசோதனை செய்யலாம்' என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சீதபேதியின் அமீபாவை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் மலம் சூடாக இருக்கும்போதே, அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். உள்ளே விழுங்கிய சிவப்பணு தெரிந்தால்தான் அதன் குற்றத்தை உறுதியாக எழுதலாம். கூட்டுப் பருவத்தை மட்டும் பார்த்துவிட்டு நோய் தரும் இனமா, அதே தோற்றத்தில் குடலில் சாதுவாக இருக்கும் இனமா என்று யாராலும் சொல்ல முடியாது. சாதுவானதற்கு மருந்து சாப்பிட்டு வாயெல்லாம் உலோகக் கசப்போடு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டம் பாக்டீரியா இல்லை, நம் செல்லைப் போலவே உட்கரு வைத்த செல். அதனால் அதைக் கொல்லும் மருந்து பல வேளைகளில் நம்மையும் கொஞ்சம் உரசும். வீட்டு மேசையில் விளையாட்டாக எடுக்கும் முடிவில்லை இது. ரத்தமும் அப்படியே. பேத்தி விரலைக் குத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள், கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரிலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்த பிறகு, எங்கள் மாடியிலேயே கர்ப்பமாக இருக்கும் ஒருத்தி, தன் பூனையை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். பூனையிடமிருந்து தொற்றிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி மேல் பயம். பூனையின் மலத்தில் வரும் முட்டை உறை வந்தவுடன் தொற்றாது, முதிர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். பூனைமண் தட்டை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியைத் தொடாமல், தோட்ட மண்ணில் கையுறையோடு வேலை பார்த்தால் இன்னும் நல்லது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லுங்கள் ஆண்டி என்றாள். ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் போ என்றேன்.

கருவிக்கே வருகிறேன். இதனால் வீட்டில் நேரடியாக விளைந்த நன்மை கான்டாக்ட் லென்ஸ் விஷயத்தில். பெரிய பேத்தி லென்ஸ் பெட்டியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவாள். எத்தனை முறை சொன்னாலும் 'சிங்கப்பூர் தண்ணீர் பாட்டி, குடிக்கவே குடிக்கிறோம்' என்பாள். குடிக்கலாம், வயிற்றுக்கு அது பாதுகாப்பானது, கருவிழி வேறு. அகாந்தமீபா மண்ணிலும் தண்ணீரிலும் உலகமெங்கும் இருக்கும். இரட்டைச் சுவர் வைத்த கூட்டுக்குள் புகுந்துவிட்டால் குளோரினைப் பொறுத்துக்கொள்ளும். லென்ஸ் உராய்ந்த கருவிழியில் ஒட்டினால் திசுவைக் கரைத்துக்கொண்டே போகும். வலி தாங்க முடியாது, சொட்டு மருந்து மாதக்கணக்கில் போகும், பார்வையும் போகலாம். தொட்டி மண் ஊறிய தண்ணீரில் ஏதோ ஒரு அமீபா 40 ஆப்ஜெக்டிவில் ஊர்வதைக் காட்டினேன். அது அகாந்தமீபா என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. லென்ஸ் பெட்டி இப்போது கரைசலில் மட்டும் கழுவப்படுகிறது.

கட்டுமானம் பற்றிச் சுருக்கமாக. மேடைத் திருகு சீராக நகர்கிறது. நுண் ஃபோகஸ் திருகில் சிறு தளர்ச்சி உண்டு, விட்டால் மெல்லக் கீழே இறங்குகிறது. பக்கத்தில் உள்ள இறுக்கும் வளையத்தைச் சற்றுத் திருப்பினால் நிற்கும், விளக்கக் காகிதத்தில் இது இல்லை. எல்இடி தேவைக்கு மேல் பிரகாசம். சாயம் போடாத உயிரிகள் அந்த வெளிச்சத்தில் கரைந்தே போகும், முதலில் அதைக் குறையுங்கள். கைபேசி மாட்டும் பிடிப்பான் குப்பை. கையால் பிடித்து எடுத்த காணொளியே மேல். 4, 10 ஆப்ஜெக்டிவ் இரண்டும் இந்த விலைக்கு ஆச்சரியப்படும் அளவு தெளிவு, 40 சுமாருக்கு மேல், 100-ஐச் சொல்லியாயிற்று.

நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை ஏறும். அது நிஜப் பூஞ்சை. ஏறிய பிறகு துடைத்துப் போகாது, கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். கேமரா வைத்திருப்பவர் வீட்டில் ஈரம் உறிஞ்சும் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, ஜெல் நிறம் மாறும்போது மாற்றுங்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே மூடி வைப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தயார் ஸ்லைடு இல்லாமல் 40 வெள்ளி குறைத்து விற்றால் நாலரை. பழைய மருத்துவமனை, பல்கலைக்கழகக் கருவிகள் சில சமயம் கைமாறி விற்பனைக்கு வரும். இரட்டைக் கண், மேலும் கீழும் நகரும், ஒளியைக் குவிக்கும் கண்டென்சர், சுத்தமான லென்ஸ் இவை இருந்து விலை 400-க்குள் கிடைத்தால் இதை விட்டுவிட்டு அதை எடுங்கள். வாங்குமுன் ஐபீஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி வலை போல் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். இருந்தால் பேரம் பேசாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.